கடையில் போட்டது, கையால் போட்டது: செராமிக் கோட்டிங், மூன்று வருடக் கணக்கு

எங்கள் வீட்டில் செராமிக் கோட்டிங், அதாவது பெயின்ட்டைக் காக்க மேலே பூசும் படலம், போட்ட வண்டிகள் இரண்டு. ஒன்று என்னுடைய கறுப்பு கார், 2019 மாடல். 2022 ஆகஸ்டில் சென்னையில் ஒரு டீட்டெயிலிங் (வண்டியைக் கழுவி, பாலிஷ் போட்டுப் பளபளப்பாக்கும்) கடையில் 24,000 ரூபாய் கொடுத்துப் போட்டேன். இன்னொன்று பாளையங்கோட்டையில் அப்பா ஓட்டும் வெள்ளை வேகன்ஆர். 2023 மே மாதம் நானும் மச்சானும் சேர்ந்து வீட்டுக் கொட்டகையிலேயே போட்டோம், 4,850 ரூபாய் ஆனது. இப்போது 2025 நவம்பர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் வேகன்ஆர்தான் பார்க்கப் புதுசாக இருக்கிறது. ஆனால் அதை வைத்து ‘கையால் போடுவதுதான் நல்லது’ என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். காரணம் வேறு.

முதலில் கடைக் கதை. மூன்று நாள் வண்டியை வைத்துக்கொண்டார்கள். இரண்டாம் நாள் சாயங்காலம் சும்மா எட்டிப் பார்க்கப் போனேன். பானெட்டில் பாதிக்கு டேப் ஒட்டி, ஒரு பக்கம் மட்டும் மெஷின் பாலிஷ் போட்டிருந்தார் அங்கே வேலை செய்யும் பையன். எல்இடி விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துக் காட்டினார். டேப்புக்கு இந்தப் பக்கம் சிலந்தி வலை மாதிரி நூற்றுக்கணக்கில் வட்டக் கீறல்கள். அந்தப் பக்கம் கிணற்றுத் தண்ணீர் மாதிரி கறுப்பு. “லிக்விட் போடறது நாளைக்கு ரெண்டு மணி நேர வேலை சார். இதுதான் ரெண்டு நாள் இழுக்குது” என்றார். அந்த ஒரு வரியில் முழு விஷயமும் இருந்தது. அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

கோட்டிங் என்பது சிலிக்கா சார்ந்த ஒரு திரவம். பூசினால் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து இறுகி, பெயின்ட்டுக்கு மேல் ஓரிரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனத்தில் கண்ணாடிப் படலம்போல் நிற்கும். அதற்குக் கீழே கம்பெனி அடித்த க்ளியர் கோட், அதாவது பெயின்ட்டின் நிறமில்லாத மேல் அடுக்கு, சுமார் 40, 50 மைக்ரான் இருக்கும். எனவே கீறல் இருக்கிற வண்டிமேல் கோட்டிங் போட்டால், கீறலுக்குக் கண்ணாடி போட்டு ஃபிரேம் மாட்டியது போலத்தான். பாலிஷ் போட்டு அதை எடுத்துவிட்டுப் பூச வேண்டும். கடைக்காரரிடம் நாம் கொடுக்கும் காசில் பெரும்பங்கு அந்த மெஷினுக்கும், விளக்குக்கும், க்ளியர் கோட் தேய்ந்துபோகாமல் எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்த கைக்கும் போகிறது.

‘9எச் கடினம்’ என்று எல்லாப் பாட்டிலிலும் போட்டிருப்பார்கள். அது பென்சில் வைத்துக் கீறிப் பார்க்கும் அளவுகோல். 9எச் பென்சிலுக்குக் கீறல் விழாது, அவ்வளவுதான். ரோட்டு மணலுக்கு விழும். லாரி டயரிலிருந்து தெறிக்கும் ஜல்லிக்கு நிச்சயம் விழும். கல்லடியிலிருந்து தப்ப வேண்டுமானால் பெயின்ட்மேல் ஒட்டும் பிபிஎஃப் என்ற பிளாஸ்டிக் ஃபிலிம்தான், அதன் கனமே 150 மைக்ரானுக்கு மேல், விலையும் அதற்கேற்ப.

சரி, என் கறுப்பு வண்டி ஏன் பழசாகத் தெரிகிறது? முதல் ஆறு மாதம் சொர்க்கம். மழை பெய்தால் பானெட்டில் முத்து முத்தாக உருண்டு ஓடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, வேளச்சேரிக்காரர்கள் வழக்கம்போல மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தினோமே, அதில் என்னுடையதும் ஒன்று. இரண்டு நாள் காற்றும் மழையும் அடித்து, இறக்கிக் கொண்டுவந்து ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றியதும் அழுக்கு முழுக்க வழிந்து போனது. அந்த விஷயத்தில் கோட்டிங்கைக் குறை சொல்ல முடியாது.

குறை எங்கள் அப்பார்ட்மென்ட் கீழ்தளத்தில் இருந்தது. காலை ஐந்தரைக்கு ஒரு அண்ணன் வந்து மாதம் 600 ரூபாய்க்கு எல்லா வண்டியும் துடைப்பார். ஒரு பக்கெட், ஒரு துணி, இருபது கார். பதினெட்டாவது கார் என்னுடையது. முதல் பதினேழு காரின் மணலும் அந்தத் துணியில் இருக்கும். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவர் நேரத்துக்குள் முடித்துவிட்டு அடுத்த பில்டிங் போக வேண்டும். இரண்டாவது குற்றவாளி போர் தண்ணீர். கோட்டிங் போட்ட வண்டியில் தண்ணீர் துளித்துளியாக நிற்கும் அல்லவா, வெயில் பட்டதும் ஒவ்வொரு துளியும் காய்ந்து ஒரு வெள்ளை வளையமாகிவிடும். கறுப்பு வண்டியில் அது பொங்கல் அன்று புள்ளிக் கோலம் வைத்த மாதிரி தெரியும். வெள்ளை வினிகரில் சம அளவு டிஸ்டில்டு வாட்டர் கலந்து, துணியில் நனைத்து ஒரு நிமிடம் வைத்துக் கழுவினேன், முக்கால்வாசி போனது. வெகுநாள் ஊறிய சில வளையங்கள் கோட்டிங்கையே அரித்து உள்ளே இறங்கிவிட்டன. பாலிஷ் போட்டால்தான் போகும்.

‘ஐந்து வருட வாரண்டி இருக்கிறதே’ என்று கடைக்குப் போனேன். கார்டைப் புரட்டினார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2,500 ரூபாய் கட்டி மெயின்டனன்ஸ் செய்திருக்க வேண்டுமாம். நான் நாலு முறை செய்தேன், ஒன்றை விட்டுவிட்டேன். வாரண்டி செல்லாது. தவிரவும், தண்ணீர்க் கறை, பறவை எச்சம், கீறல் எதுவும் வாரண்டியில் வராது என்று பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது. பின் எதற்குத்தான் வாரண்டி என்று கேட்டேன். புன்னகைத்தார்கள். ஆக, 24,000 என்று நான் நினைத்தது 34,000.

இனி பாளையங்கோட்டை. கத்திரி வெயில் நாட்கள். காலை நாலே முக்காலுக்கு ஆரம்பித்தோம். கழுவி, இரும்புத் துகளைக் கரைக்கும் அயர்ன் ரிமூவர் அடித்தோம். வெள்ளை வண்டியில் சக்கரத்துக்குப் பக்கமெல்லாம் பிரேக் தூசி கத்தரிப்பூ நிறத்தில் ஒழுகியதைப் பார்த்து அப்பா பதறிவிட்டார். அடுத்து க்ளே, ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் மாதிரிக் கட்டி. ஒரு பாலிதீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பெயின்ட்டைத் தடவிப் பாருங்கள், வெறுங்கைக்குத் தெரியாத சொரசொரப்பு அதில் தெரியும். அது போகும்வரை க்ளே தேய்த்தோம். பின் ஐபிஏ (ஐசோப்ரொப்பைல்) ஆல்கஹால் போட்டு எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்தோம். அப்பா திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, “என்னலே, வண்டிக்கு மஞ்சத் தேய்ச்சுக் குளிப்பாட்டுதியளா?” என்றார்.

பாலிஷ் போடவில்லை. போடத் தெரியாது என்பது ஒன்று. தவிர, வெள்ளை வண்டி, வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. தேவையும் படவில்லை.

பூசுவது சுலபம்தான். இரண்டடிக்கு இரண்டடி இடமாக எடுத்துக்கொண்டு, அப்ளிகேட்டரில் சில சொட்டு விட்டு, குறுக்கும் நெடுக்குமாகத் தடவி, வானவில் நிறம் காட்டத் தொடங்கியதும் மைக்ரோஃபைபரால் துடைத்துவிட வேண்டும். பெட்டியில் மூன்று நிமிடம் காத்திருக்கச் சொல்லி எழுதியிருந்தது. எங்கள் ஊர் சூட்டில் ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. ஏழரைக்கு வெயில் கொட்டகைக்குள் சாய்ந்தது, அதே நேரம் மச்சானுக்கு ஃபோன் வந்தது. பின் கதவில் அவர் தடவிய இடம் அப்படியே இறுகி, எண்ணெய் சிந்திய தழும்பு மாதிரி நின்றுவிட்டது. இதை ஹை ஸ்பாட் என்பார்கள். இறுகிய பின் துணிக்கு அசையாது. வெள்ளை என்பதால் டார்ச் அடித்தால்தான் தெரிகிறது. என் கறுப்பு வண்டியாக இருந்திருந்தால் தெருமுனையிலிருந்தே தெரிந்திருக்கும்.

மிச்சத் திரவத்தை அடுத்த தடவைக்கு என்று மூடி வைத்தேன். தீபாவளிக்குப் போனபோது பாட்டிலுக்குள் கற்கண்டு மாதிரி உறைந்து கிடந்தது.

அந்தக் கோட்டிங்கின் நீர் உருளும் குணம் ஒன்றரை வருடத்திலேயே குறைந்துவிட்டது. ஆனாலும் வண்டி பளபளப்பாகத்தான் இருக்கிறது. அப்பா தினமும் துடைப்பதில்லை. வாரம் ஒருநாள் நிழலில் நிறுத்தி, தாமிரபரணித் தண்ணீர் வரும் குழாயில் கழுவி, ஈரத்தை உடனே ஒற்றி எடுத்துவிடுகிறார். கோட்டிங் போடாமல் இப்படி வைத்திருந்தாலும் அந்த வண்டி ஏறக்குறைய இப்படித்தான் இருந்திருக்கும் என்பது என் சந்தேகம்.

புது வண்டி, வெளிர் நிறம், நிழலான இடம், உதவிக்கு ஒரு ஆள் என்றால் நீங்களே போடுங்கள். நாலைந்து வருடம் ஓடிய கறுப்பு, கருநீல வண்டி என்றால் பாலிஷ் மெஷினைக் கையில் எடுக்காதீர்கள். விளிம்புகளில் க்ளியர் கோட் மெலிசாக இருக்கும், தேய்ந்துபோனால் பெயின்ட் அடிப்பதைத் தவிர வழியில்லை.

எனக்கு இப்போது மூன்றாவது வழி ஒன்று தோன்றியிருக்கிறது. வேறொரு கடையில் பாலிஷ் மட்டும் போட 7,500 கேட்டார்கள். “கோட்டிங் வேண்டாமா சார்?” என்று இரண்டு தரம் கேட்டுவிட்டு ஒத்துக்கொண்டார்கள். மழை ஓய்ந்து ஜனவரியில் கொடுக்கப் போகிறேன். பாலிஷ் முடிந்து வந்ததும் கீழ்தளத்தில் நானே கோட்டிங் பூசுவேன், இம்முறை மச்சானின் ஃபோனை வாங்கி வைத்துவிட்டு. துடைக்கிற அண்ணனிடமும் பேசிவிட்டேன். 600 ரூபாய் அப்படியே வாங்கிக்கொள்ளுங்கள், என் வண்டியை மட்டும் தொடாதீர்கள் என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.