மட்டக்களப்பில் ஒரு பி.எஸ்.ஏ. பரிசோதனை: சைக்கிள் ஓடுபவர்களிடம் கேட்கப்படாத கேள்வி

விடுமுறைக்கு ஊருக்குப் போகும் எங்களில் பலர், இலண்டனில் குடும்ப வைத்தியரிடம் நேரம் கிடைக்கும்வரை காத்திராமல், மட்டக்களப்பு நகரத்துத் தனியார் ஆய்வுகூடங்களில் காசைக் கட்டி இரத்தப் பரிசோதனைகளை முடித்துக்கொண்டு திரும்புகிறோம். இம்முறை நான் அங்கு போனது எனக்காக அல்ல. ஆரையம்பதியில் இருக்கும் என் மாமாவின் பி.எஸ்.ஏ. பரிசோதனைக்காக. ஆண்களின் புரொஸ்டேட் சுரப்பியின் நிலையை அறியச் செய்யும் இரத்தப் பரிசோதனை அது.

மாமா அறுபதுகளின் நடுவில் இருப்பவர். அவருடைய வயல் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கிறது. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டதோடு வாவியைக் கடக்கும் பாதைக்கு, அதாவது படகுக்கு, காத்து நிற்கும் தொல்லை ஒழிந்துவிட்டதால், விடியற்காலையிலேயே தன் பழைய லுமாலா சைக்கிளில் வயலுக்குப் போய்விடுவார். இரவில் பல தடவை சிறுநீர் கழிக்க எழும்புகிறார் என்று மாமி வற்புறுத்தியதால்தான் பரிசோதனைக்கே சம்மதித்தார்.

ஆய்வுகூடத்தின் சேவையில் குறை சொல்ல அதிகம் இல்லை. காலையிலேயே திறந்திருந்தது, கட்டணப் பட்டியல் கண்ணில் படும்படி ஒட்டப்பட்டிருந்தது, இரத்தம் எடுத்த பிள்ளை ஊசி ஏறியதே தெரியாதபடி எடுத்தார், அன்று பின்னேரமே அறிக்கையும் கைக்கு வந்தது. ஆனால் படிவத்தில் பெயர், வயது, தொலைபேசி இலக்கம் தவிர வேறு எதுவும் கேட்கப்படவில்லை. வாசலில் தன் சைக்கிளைப் பூட்டிவிட்டு வியர்வையோடு உள்ளே வந்த மனிதரிடம், நேற்றும் இன்றும் எவ்வளவு தூரம் ஓடினீர்கள் என்று யாரும் விசாரிக்கவில்லை.

பி.எஸ்.ஏ. என்பது சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புரொஸ்டேட் சுரப்பி உற்பத்தி செய்யும் ஒரு புரதம். அது இரத்தத்தில் கூடினால் புற்றுநோய் என்று முடிவு கட்டிவிட முடியாது. வயதோடு சுரப்பி வீங்குவதும், சிறுநீர்த் தொற்றும்கூட அதனைக் கூட்டும். சைக்கிள் இருக்கையின் முனை அழுத்தும் இடம் சுரப்பிக்கு நேர் கீழே இருப்பதால், அதிலிருந்தும் அளவு கூடலாம் என்ற சந்தேகம் நெடுங்காலமாக இருக்கிறது. 2013இல் வெளியான ஓர் ஆய்வில், ஐம்பது வயதைத் தாண்டிய 129 ஆண்கள் 55 முதல் 160 கிலோமீற்றர் வரை சைக்கிள் ஓடி முடித்த உடனேயே இரத்தம் எடுத்துப் பார்த்தபோது, சராசரியாக 9.5 சதவீத உயர்வு காணப்பட்டது. வேறு சில ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை என்றார்கள். இந்த இழுபறி தீராவிட்டாலும், பரிசோதனைக்கு முந்திய 48 மணித்தியாலங்களுக்குக் கடும் உடற்பயிற்சியை, குறிப்பாகச் சைக்கிள் ஓட்டத்தைத் தவிர்க்குமாறு இங்கிலாந்தில் சொல்கிறார்கள். விந்து வெளியேற்றத்துக்கும் அதே 48 மணித்தியாலம். சிறுநீர்த் தொற்று வந்திருந்தால் ஆறு வாரம் பொறுக்க வேண்டும்.

அறிக்கையில் மாமாவின் அளவு நான்கைச் சற்றுத் தாண்டியிருந்தது. பக்கத்தில் எச்சரிக்கைக் குறி. பூச்சியம் முதல் நான்கு வரை என்ற ஒரே எல்லை எல்லா வயதினருக்கும் அச்சிடப்பட்டிருந்தது. இங்கிலாந்தின் வழிகாட்டலில், இப்படி அறிகுறிகளோடு வரும் அறுபதுகளில் இருப்பவரை நிபுணரிடம் அனுப்பும் எல்லை 4.5, எழுபதுகளில் 6.5. அந்தக் குறியைக் கண்ட மாமி அன்றிரவு சாப்பிடவில்லை. ஒரு தாளில் இரண்டு வரி சேர்த்து அச்சிடுவதில் என்ன செலவு வந்துவிடப் போகிறது என்றுதான் எனக்குப் பட்டது.

பின்னர் ஒரு தனியார் வைத்தியசாலையில் சிறுநீரகச் சத்திரசிகிச்சை நிபுணரைச் சனல் செய்தோம், அதாவது காசு கட்டிப் பார்க்க நேரம் எடுத்தோம். மாலை என்று சொன்ன நேரம் இரவாகியது; அந்தக் காத்திருப்பு வயதானவர்களுக்குக் கொடுமைதான். ஆனால் உள்ளே போனதும் அவர் கேட்ட முதற் கேள்வியே என் மனத்தைக் குளிரவைத்தது.

“ஐயா, ரத்தம் குடுக்க முந்தின நாள் சைக்கிள் ஓடினீங்களா?”

“முந்தின நாள் என்ன டொக்டர், அண்டைக்கும் அதிலதான் வந்தன்.”

அவர் சிரித்துவிட்டு, விரலால் சுரப்பியைப் பரிசோதித்தார். கட்டி எதுவும் தட்டுப்படவில்லை, வயதுக்குரிய வீக்கம் இருக்கிறது என்றார். சிறுநீர்ப் பரிசோதனை ஒன்றை எழுதித் தந்து, சில வாரங்களின் பின்னர், இரண்டு நாள் சைக்கிளைத் தொடாமல், அதே ஆய்வுகூடத்தில் மறுபடி இரத்தம் கொடுக்கச் சொன்னார். ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் அளவிடும் முறை வேறுபடுவதால், இடத்தை மாற்றினால் இரண்டு எண்களையும் ஒப்பிடுவது கடினம் என்பது அவர் விளக்கம். வீக்கத்துக்காக ஃபினாஸ்டரைட் குளிசை எடுப்பவர்கள் அதனையும் சொல்ல வேண்டும். நாளடைவில் அது பி.எஸ்.ஏ. அளவை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துக் காட்டும்.

சைக்கிளை விட்டுவிட வேண்டுமா என்று மாமா கேட்டதற்கு, வேண்டாம் என்றே பதில் கிடைத்தது. நியாயமான பதில். ஆய்வுகளில் வருபவர்கள் ஒடுங்கிய இருக்கையில் முன்னால் குனிந்து மணிக்கணக்காக ஓடுபவர்கள். மாமாவோ அகன்ற சுருள்வில் இருக்கையில் நிமிர்ந்து இருப்பவர். ஆனாலும் அவருடைய இருக்கையின் முனை மேல்நோக்கித் தூக்கியபடி இருந்தது. கல்லடியில் ஒரு சைக்கிள் கடைக்காரர் நட்டைத் தளர்த்தி அதனைச் சமமாக்கி, கிழிந்திருந்த தோலையும் மாற்றிக் கொடுத்தார்.

நான் இலண்டன் திரும்பிய பின்னர் வந்த இரண்டாவது அறிக்கையில் அளவு நான்குக்குக் கீழே இறங்கியிருந்தது. சைக்கிளை நிறுத்தியதனால்தான் இறங்கியது என்று சொல்லிவிட முடியாது, பி.எஸ்.ஏ. காரணமின்றியும் ஏறி இறங்கக் கூடியது. ஆறு மாதத்தில் மீண்டும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். இரத்தம் எடுப்பதற்கு முன்னர் தானாகவே சொல்ல வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதி மாமாவின் கிளினிக் கொப்பிக்குள் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.