நான்கு வருஷமாக வகுப்பைத் திருப்பிப் போட்டு நடத்துகிறேன்

சேரன்மகாதேவி பக்கத்தில் பிளஸ் ஒன் இயற்பியல் எடுக்கிறேன். பாடத்தை வீட்டில் வீடியோவாகப் பார்த்துவிட்டு வர வேண்டும். கணக்கும் சந்தேகமும் வகுப்பில். வீடியோவையும் கேள்விகளையும் பிள்ளைகளுக்கு அனுப்ப இரண்டு வருஷம் கூகுள் கிளாஸ்ரூம், அப்புறம் இரண்டு வருஷமாக மூடுல் (Moodle) என்ற இணையவழிக் கற்றல் மென்பொருள்.

ஆரம்பித்தது ஆடி அமாவாசையால்தான். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் குடும்பத்தோடு போய்த் தங்குகிற பிள்ளைகள் அந்த வாரம் வரமாட்டார்கள். அவர்களுக்காகக் கரும்பலகை முன்னால் போனை நிறுத்திப் பாடம் எடுத்தேன். 2007-இல் அமெரிக்காவின் கொலராடோவில் இந்த முறையைப் பிரபலமாக்கிய பெர்க்மன், சாம்ஸ் என்ற இரண்டு வேதியியல் ஆசிரியர்களும் வகுப்பைத் தவறவிட்ட பிள்ளைகளுக்காகத்தான் பாடங்களைப் பதிவு செய்யத் தொடங்கினார்கள் என்று பின்னால் படித்தபோது அவ்வளவு சந்தோஷம்.

கிளாஸ்ரூமை ஒரே நாளில் பழகிவிடலாம். ஆனால் அதில் வினாடிவினா வைக்கக் கூகுள் ஃபார்ம்தான். அதற்கு நெட் இருந்தே ஆக வேண்டும். எங்கள் பிள்ளைகளில் பலர் வீட்டில் ஒரே போன். அப்பா ராத்திரி வந்தால்தான் கைக்கு வரும், அதற்குள் அன்றைய டேட்டா தீர்ந்திருக்கும். மூடுல் செயலியில் காலையிலேயே வீடியோவை இறக்கி வைத்துக்கொள்ளலாம். ஆசிரியர் அனுமதித்தால் வினாடிவினாவையும் நெட் இல்லாமல் எழுதி, பிறகு அனுப்பலாம். மென்பொருள் இலவசம், சர்வர் நம் பொறுப்பு. நான் முதலில் எடுத்த மலிவு சர்வர், எல்லோரும் ஒன்றாக உள்ளே வந்த முதல் ராத்திரியே படுத்துவிட்டது.

வீடியோவைவிட அதன் முடிவில் வரும் ஒரு கேள்விதான் எனக்கு முக்கியம். 'மேசைமேல் புத்தகம் இருக்கிறது. அதன் எடைக்கு எதிர்விசை எது?' முக்கால்வாசிப் பேர் 'மேசை மேல்நோக்கித் தரும் விசை' என்று எழுதியிருந்தார்கள். காலையில் பதில்களைப் பார்த்துவிட்டு வகுப்புக்குப் போனேன். புத்தகத்தை மேசைக்கு வெளியே நீட்டிப் பிடித்து, கையை விட்டேன்.

"இப்போ மேசை தள்ளுதா?"

"இல்ல சார்."

"எடை போயிட்டா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன், "அப்போ புத்தகமும் பூமியை இழுக்குல்லா சார்?" என்றான். அதுதான் சரியான பதில். பழைய முறையில் அந்த நேரம் முழுவதும் நான் போர்டில் எழுதிக்கொண்டிருந்திருப்பேன்.

வீடியோ ஏழு நிமிஷத்தைத் தாண்டினால் பாதியில் விட்டுவிடுகிறார்கள். பாடப்புத்தக கியூஆர் கோடு வழியாக வரும், அரசின் தீக்ஷா தளத்து வீடியோக்களையும் கொடுக்கிறேன். ஆனாலும் நம் சார் குரலென்றால் கூடுதலாக உட்கார்ந்து பார்க்கிறார்கள். இன்னமும் நாலைந்து பேருக்கு வீட்டில் வழியில்லை. அவர்களுக்காக எட்டரை மணிக்கே லேபைத் திறந்து என் மடிக்கணினியைக் கொடுத்துவிடுகிறேன்.