ஓவியர் கையெழுத்தா, பாடகர் கையெழுத்தா? பழைய ராக் போஸ்டர் வாங்கும் முன்

ஒரே விலைக்கு இரண்டு போஸ்டர் உங்கள் முன்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் 1966, 67 வாக்கில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த ராக் கச்சேரிகளுக்கு அடித்தவை. ஒன்றில் அதை வரைந்த ஓவியர் கீழ் ஓரத்தில் பென்சிலால் சின்னதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இன்னொன்றில் அன்று மேடையேறிய குழுவினர் நான்கைந்து பேர் படத்தின் குறுக்கே தடித்த மார்க்கரால் போட்டிருக்கிறார்கள். புதிதாகச் சேர்க்கத் தொடங்கும் பெரும்பாலானோர் கை நீட்டுவது இரண்டாவதற்குத்தான். நான் முதலாவதை எடுப்பேன், எத்தனை தடவை கேட்டாலும் அதைத்தான் எடுப்பேன். இந்தப் போட்டியில் இன்னும் இரண்டு பேர் உண்டு: கையெழுத்தே இல்லாத முதல் அச்சு, அப்புறம் ஓவியர் கையெழுத்திட்ட மறுஅச்சு. இந்த நான்கில் எதற்குக் காசு கொடுக்கலாம் என்பதுதான் விஷயம்.

கொஞ்சம் பின்னணி வேண்டும். பில் கிரஹாம் 1966 தொடக்கத்திலிருந்து கியரி தெருவில் இருந்த ஃபில்மோர் அரங்கில் கச்சேரிகள் நடத்தினார். அதே ஊரில் செட் ஹெல்ம்ஸின் ஃபேமிலி டாக் குழு சட்டர் தெருவில் அவலான் அரங்கில் நடத்தியது. கச்சேரிக்குக் கச்சேரி புதுப் போஸ்டர், ஒவ்வொன்றுக்கும் வரிசை எண். கிரஹாமுடைய வரிசையை பி.ஜி. என்பார்கள், அவர் பிற்பாடு மாறிப்போன ஃபில்மோர் வெஸ்ட் அரங்கு 1971 ஜூலையில் மூடப்படும் வரை 287 எண் ஓடியது. ஃபேமிலி டாக் வரிசைக்கு எஃப்.டி. என்று பெயர். கச்சேரிக்கு முன்னால் ஊரில் ஒட்டுவதற்காக அடித்தது முதல் அச்சு. ஒட்டிய இடத்திலிருந்து ஜனங்கள் கழற்றிக்கொண்டு போகிற அளவுக்கு அவை பிடித்துப்போனதால், கடையில் விற்பதற்காகச் சிலவற்றை மறுபடியும் அடித்தார்கள், சிலதை மூன்றாம் நான்காம் தடவையும். ஒரே படம், கிட்டத்தட்ட ஒரே அளவு, விலையில் மட்டும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

இப்போது பாடகர் கையெழுத்துக்கு வருவோம். அறுபதுகளில் ஆட்டோகிராப் வாங்கியவர்கள் பெரும்பாலும் சின்ன நோட்டிலோ, நிகழ்ச்சி நிரலிலோ, இசைத்தட்டு உறையிலோதான் வாங்கினார்கள். இரண்டடிக்கு நெருங்கிய காகிதத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் போய், குழு முழுவதையும் பிடித்துக் கையெழுத்து வாங்கி, அதை மடிக்காமல் கிழிக்காமல் அறுபது வருஷம் காப்பாற்றியவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? விற்பனைக்கு வருபவற்றில் நிறைய, பல வருஷங்கள் கழித்து உயிரோடிருந்த உறுப்பினர்களிடம் வாங்கியவைதான். அதில் தப்பில்லை, ஆனால் அன்றைய இரவின் கையெழுத்து என்று நினைத்துக்கொண்டு வாங்கக்கூடாது.

காலக்கணக்கு போட்டுப் பார்த்தால் பாதி விஷயம் அங்கேயே தெரிந்துவிடும். 1966 செப்டம்பரில் கிரேட்ஃபுல் டெட் குழுவில் ஐந்து பேர்: கார்சியா, வீர், லெஷ், க்ராய்ட்ஸ்மன், பிக்பென் என்று அழைக்கப்பட்ட மெக்கெர்னன். மிக்கி ஹார்ட் வந்து சேர்ந்தது 1967 செப்டம்பரில். பிக்பென் 1973 மார்ச்சில், 27 வயதில் இறந்துவிட்டார். ஆக, 1966 போஸ்டரில் ஹார்ட் கையெழுத்து இருந்து பிக்பென் கையெழுத்து இல்லை என்றால் அது பிற்பாடு வாங்கியதாகத்தான் இருக்கும். பிக்பென் கையெழுத்து இருந்தால் அந்தத் தாள் 1973க்கு முன் அச்சானதாக இருக்க வேண்டும், அந்தப் பேனாவும் அப்போது கடையில் கிடைத்ததாக இருக்க வேண்டும். இந்தப் பேனா விஷயத்தைப் பலரும் கவனிப்பதே இல்லை. ஷார்ப்பி மார்க்கர் 1964இல் வந்தது, அது சரி. ஆனால் பளபளக்கும் வெள்ளி நிறப் பெயின்ட் மார்க்கர் ஆட்டோகிராப் வாங்குகிறவர்கள் கைக்குப் பரவலாக வந்தது எண்பதுகள் வாக்கில்தான். கிதார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் இறந்தது 1970 செப்டம்பர் 18. வெள்ளிப் பேனாவில் ஹெண்ட்ரிக்ஸ் கையெழுத்து என்று யாராவது காட்டினால், கையெழுத்தின் வளைவு சுழிவை ஆராய்ந்துகொண்டிருக்கத் தேவையே இல்லை.

பெரிய குழு என்றால் இன்னொரு சிக்கல். பீட்டில்ஸ் உச்சத்தில் இருந்தபோது அவர்களுக்குப் பதிலாக உதவியாளர்கள் நீல் ஆஸ்பினலும் மால் எவன்ஸும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது எல்லோரும் அறிந்த கதை. அந்தத் தாள் பழையது, மையும் பழையது, கை மட்டும் வேறு. இதை லென்ஸ் கண்டுபிடிக்காது, கையெழுத்துகளை வருஷக்கணக்கில் பார்த்துப் பழகிய கண்தான் கண்டுபிடிக்கும். சான்றிதழ் இருக்கிறதே என்பார்கள். தொண்ணூறுகளில் எஃப்.பி.ஐ. 'ஆபரேஷன் புல்பென்' என்ற விசாரணையில் கள்ளக் கையெழுத்துக் கும்பலை வளைத்துப் பிடித்தது. விளையாட்டுப் பொருள்கள்தான் அதில் அதிகம், ஆனால் கள்ளக் கையெழுத்தோடு சேர்த்துக் கள்ளச் சான்றிதழும் புழங்கியது என்பது நமக்கும் பாடம். சான்றிதழை யார் கொடுத்தார்கள், அவர்களிடம் அந்த எண்ணைச் சரிபார்க்க வழி இருக்கிறதா என்று பார்க்காமல் அதை ஒரு காகிதமாகக்கூட மதிக்க வேண்டாம்.

ஓவியர் கையெழுத்தில் இந்தத் தொல்லை குறைவு. இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கள்ளக் கையெழுத்துப் போடுகிறவனுக்கு ஹெண்ட்ரிக்ஸ் பெயரில் வருகிற லாபம் போஸ்டர் ஓவியர் வெஸ் வில்சன் பெயரில் வராது. அதோடு இந்த ஓவியர்கள் பலரும் பிற்காலத்தில் சேகரிப்பாளர்களோடு நெருங்கிப் பழகியவர்கள். சான் பிரான்சிஸ்கோவில் ராக் போஸ்டர் சொசைட்டி நடத்தும் போஸ்டர் திருவிழா மாதிரி இடங்களில் மேசை போட்டு உட்கார்ந்து, நேருக்கு நேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். ஆக, ஒப்பிட்டுப் பார்க்க உண்மையான மாதிரிகள் தாராளமாகக் கிடைக்கின்றன.

எனக்கு இதைவிடப் பெரிய காரணம், அது அவர்கள் செய்த பொருள் என்பது. பாடகர் பாடினார், போஸ்டரை அவர் தொடவில்லை. தீ நாக்கு மாதிரி எழுத்துகளை நெளியவிட்டு ஒரு பாணியையே கொண்டுவந்தவர் வில்சன், வியன்னா ஓவியர் ஆல்ஃபிரெட் ரோலரின் எழுத்துகளிலிருந்து அதை வளர்த்தெடுத்தார். 1967இல் காசு விவகாரத்தில் கிரஹாமோடு பிரிந்தபோது, கடைசிப் போஸ்டரில் வாயில் டாலர் குறியைக் கவ்விய பாம்பை வரைந்துவைத்துவிட்டுப் போனார். அப்புறம் அந்த வேலையை எடுத்தவர் கிரஹாமின் மனைவி பானி மெக்லீன். யேல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் ஆல்பர்ஸிடம் படித்த விக்டர் மொஸ்கோசோ, எதிரெதிர் நிறங்களைச் சம அழுத்தத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண் கூசவைத்தார், நியான் ரோஸ் என்ற பெயரில் சொந்தமாகத் தனி வரிசையும் போட்டார். இவர்கள் பென்சிலால் போடும் பெயர் அந்தக் காகிதத்துக்குச் சொந்தமான பெயர். வில்சன் 2020 ஜனவரியில் போனார், அடுத்த மாதமே மெக்லீனும் போய்விட்டார். அந்த இரண்டு கையெழுத்தும் இனிமேல் கூடப்போவதில்லை.

ஒரு எச்சரிக்கை. இந்தப் போஸ்டர்கள் பலவற்றில் ஓவியர் பெயர் படத்தோடு சேர்ந்தே அச்சாகியிருக்கும். அதையே 'ஓவியர் கையெழுத்திட்டது' என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள். விளக்குக்குக் கீழே தாளைக் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள். பென்சில் என்றால் கோட்டில் சாம்பல் நிற மினுமினுப்பு தெரியும், அழுத்திய இடத்தில் தாள் லேசாகக் குழிந்திருக்கும். அச்சில் வந்த பெயர் சுற்றியுள்ள மையோடு ஒரே தளத்தில் செத்துக் கிடக்கும்.

அடுத்து, மக்கள் உண்மையிலேயே தடுமாறுகிற இடம். கையெழுத்து இல்லாத முதல் அச்சா, கையெழுத்து உள்ள மறுஅச்சா? முதலீடாகவும் நினைக்கிறீர்கள் என்றால் முதல் அச்சுதான், இதில் யோசிக்கவே வேண்டாம். தாளின் நிலைக்குக் கொடுக்கும் தர மதிப்பெண் 9 என்றாலும் 5 என்றாலும் முதல் அச்சு முதல் அச்சுதான். நான் ஆரம்பத்தில் இதில்தான் ஏமாந்தேன். இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் 'குழுவினர் கையெழுத்திட்ட ஒரிஜினல்' என்று வாங்கினேன், வந்தபோது சட்டமும் சான்றிதழும் அழகாகவே இருந்தன. ஒரு வருஷம் கழித்து சட்டத்தைக் கழற்றி, 30 மடங்கு லென்ஸை எழுத்துகள்மேல் வைத்துப் பார்த்தேன். ஒரே சீராக நிரம்பியிருக்க வேண்டிய சிவப்பு, பொடிப் பொடிப் புள்ளிகளாக உடைந்திருந்தது. ஒரு அச்சுப் பிரதியை மறுபடி படம் பிடித்து அடித்தால்தான் தட்டையான நிறம் அப்படி உடையும். தாளே பொய் என்றால் அதன்மேல் இருந்த நாலு பெயரைப் பற்றி என்ன சொல்ல? அன்றையிலிருந்து கையெழுத்தை நான் கடைசியில்தான் பார்க்கிறேன். முதலில் அளவு, தாளின் தடிமன், அடியில் உள்ள பொடி எழுத்து, பின்பக்கம். புற ஊதா விளக்கும் உதவும், ஆனால் அறுபதுகளிலேயே வெண்மையூட்டிய தாள்கள் இருந்தன, எனவே ஒளிர்கிறது என்பதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

ஆனால் சுவரில் மாட்டி ரசிக்கத்தான் வேண்டும் என்றால், ஓவியர் கையெழுத்திட்ட, அதிகாரபூர்வமான மறுஅச்சு நல்ல பொருள். விலை கைக்கு அடக்கம், கையெழுத்து நிஜம், யாரையும் ஏமாற்றுகிற பேச்சில்லை. ரிக் கிரிஃபின் வரைந்த பறக்கும் கண் (பி.ஜி. 105, ஹெண்ட்ரிக்ஸ், 1968 பிப்ரவரி) மாதிரி ஒன்றை முதல் அச்சில், கிரிஃபின் கையெழுத்தோடு வாங்க எல்லோராலும் முடியாது. அவர் 1991 ஆகஸ்டில் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தவர் என்பதையும் நினைவில் வையுங்கள், அதற்கப்புறம் அச்சான தாளில் அவர் கைப்படப் போட்ட கையெழுத்து இருக்க முடியாது. மவுஸ், கெல்லி என்ற இரண்டு ஓவியர்கள் சேர்ந்து செய்த எலும்புக்கூடும் ரோஜாவும் (எஃப்.டி. 26) இன்னொரு உதாரணம். உமர் கய்யாம் பாடல்களுக்கு எட்மண்ட் சல்லிவன் போட்ட ஓவியத்திலிருந்து எடுத்தது அது. கவிமணியின் தமிழில் கய்யாமைப் படித்துவிட்டு அந்தப் போஸ்டரைப் பார்க்கிறபோது எனக்கு ஏற்படுகிற நெருக்கத்தை விலையில் சொல்ல முடியாது. அதன் மறுஅச்சு ஒன்று என் வீட்டு நடையில் தொங்குகிறது, முதல் அச்சு கிடைக்கும் வரை அதுவே போதும்.

தடித்த அட்டையில் மர எழுத்துகளால் அடித்த குத்துச்சண்டைப் பாணிப் போஸ்டர்கள் தனி உலகம். நாஷ்வில்லின் ஹாட்ச், பால்டிமோரின் குளோப் மாதிரி அச்சுக்கூடங்களின் வேலை. இதில் ஓவியர் என்று பெரும்பாலும் யாரும் இல்லை, எனவே கையெழுத்துப் போட்டியும் இல்லை. ராக் பாடகர் பட்டி ஹாலி 1959 பிப்ரவரி 3 மாலை மூர்ஹெட் என்ற ஊரில் பாட வேண்டியிருந்த கச்சேரியின் போஸ்டர் 2022இல் 4,47,000 டாலருக்குப் போனது. அன்று அதிகாலையிலேயே விமான விபத்தில் அவர் இறந்துவிட்டார். அதே வருஷம் பீட்டில்ஸின் 1966 ஷே ஸ்டேடியம் போஸ்டர் ஒன்று 2,75,000 டாலருக்கு விற்றது. இரண்டுக்கும் அந்த விலையைக் கொடுத்தது அச்சடித்த அட்டைதான், கையெழுத்து அல்ல.

கடைசியாக வெளிச்சம். இதை யாரும் விலை பேசும்போது கணக்கில் எடுப்பதில்லை. மார்க்கர் மை சாயம், வெயில் பட்டால் வெளுக்கும். ஒரு நண்பர் வீட்டில் பழைய சட்டத்தைப் பிரித்தபோது நானே பார்த்தேன்: கையெழுத்தின் வால் மட்டும் உள்சட்ட அட்டைக்குக் கீழே மறைந்திருந்தது, அந்த வால் கரும் ஊதாவாக அப்படியே இருக்க, வெளியே தெரிந்த பெயர் பழுப்பேறிய நிழலாகிப் போயிருந்தது. அதே சுவரில், அதே ஜன்னலுக்கு எதிரே இருந்த இன்னொரு போஸ்டரில் பென்சில் கையெழுத்து நேற்றுப் போட்ட மாதிரி இருந்தது. கிராஃபைட்டுக்கு வெயில் ஒன்றும் செய்வதில்லை. அந்தப் போஸ்டரின் நிறங்கள் கொஞ்சம் மங்கியிருந்தன, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக் போட்டு, அமிலமில்லாத அட்டை வைத்து, ஜன்னல் இல்லாத பக்கம் மாற்றி மாட்டினோம்.