ப்ளூ-ரேயிலிருந்து 4கே டிஸ்க்குக்கு மாறலாமா?

டிவிடியிலிருந்து ப்ளூ-ரேக்கு மாறும்போது யாருக்கும் பெரிய குழப்பம் இருக்கவில்லை. டிவிடியில் ஒரு ஃபிரேமுக்கு சுமார் 4 லட்சம் புள்ளிகள். 2006இல் வந்த ப்ளூ-ரேயில் 20 லட்சம். படத்தைப் போட்டதுமே வித்தியாசம் தெரிந்தது. 2016இல் வந்த 4கே அல்ட்ரா எச்டி டிஸ்க்கில் 80 லட்சத்துக்கும் மேல். கணக்குப்படி இது ப்ளூ-ரேயைப்போல் நாலு மடங்கு, ஆனால் கண்ணுக்கு அப்படித் தெரிவதில்லை.

55 அங்குல டிவியை 7 அடிக்கு அப்பால் இருந்து பார்த்தால், சராசரிப் பார்வை உள்ளவருக்கு ப்ளூ-ரேயின் புள்ளிகளே தனித்தனியாகத் தெரியாது. நம் ஹாலில் சோஃபா பெரும்பாலும் அதைவிடத் தள்ளித்தான் கிடக்கும். போதாததற்கு, டிஜிட்டலில் எடுத்த பல படங்கள் 2கேயில் (ஏறக்குறைய ப்ளூ-ரேயின் புள்ளி அளவில்) முடிக்கப்பட்டு, பிறகு பெரிதாக்கப்பட்டு 4கே டிஸ்க்கில் ஏறியவை.

புள்ளிகளை நம்பி மாற வேண்டாம் என்றுதான் சொல்வேன். மாறுவதாக இருந்தால் எச்டிஆருக்காக, அதாவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையிலான வீச்சைக் கூட்டும் நுட்பத்துக்காக, மாறுங்கள். ப்ளூ-ரே 8 பிட் நிறத்தில், 100 நிட் (திரை வெளிச்சத்தின் அலகு) வெளிச்சத்தை அளவாக வைத்துத் தயாராவது. 4கே டிஸ்க்கில் 10 பிட் நிறம் (பிட் கூடினால் நிறச் சாயல்கள் நுணுக்கமாகும்), 1000 நிட், சிலவற்றில் அதற்கும் மேல். இரவுக் காட்சியில் தெருவிளக்கு நிஜமாகவே எரிவது போலிருக்கும். பக்கத்து இருட்டில் நிற்பவரின் சட்டை மடிப்பும் தெரியும். அந்தி வானம் பட்டை பட்டையாகப் பிரியாது. 35 மிமீ ஃபிலிமில் எடுத்த பழைய படத்தின் நெகட்டிவைப் புதிதாக 4கேயில் ஸ்கேன் செய்திருந்தால் கூர்மையும் உண்மையிலேயே கூடும். அப்படி ஒரு டிஸ்க்கை ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் நல்ல ஓஎல்இடி டிவியில் பார்ப்பது தனிச் சுகம்.

டிவி சுமாராக இருந்தால் கதை வேறு. பெட்டியில் எச்டிஆர் என்று போட்டிருந்தாலும் வெளிச்சம் பற்றாத டிவியில் படம் மங்கலாகத்தான் தெரியும். அப்படிப்பட்ட டிவி உள்ளவர்கள் ப்ளூ-ரேயோடு இருப்பதே மேல். காசு சேர்ந்தால் முதலில் டிவியை மாற்றுங்கள்.

ஒலியில் பெரிய வித்தியாசம் இல்லை, ப்ளூ-ரேயிலும் டால்பி அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் சத்தம் வரும் ஒலிமுறை) உண்டு.

'ஓடிடியிலேயே 4கே வருகிறதே' என்பவர்களுக்கு: அங்கே பிட்ரேட், அதாவது நொடிக்கு வரும் தரவு, பெரும்பாலும் 15 முதல் 25 எம்பிபிஎஸ் (மெகாபிட்). சாதா ப்ளூ-ரேயிலேயே படத்துக்கு மட்டும் 40 வரை போகலாம், 4கே டிஸ்க்கில் 100க்கும் மேல். புகை, மழை, இருட்டு என்று வந்தால் ப்ளூ-ரேயே ஸ்ட்ரீமிங்கைவிடச் சுத்தமாக நிற்கும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்களுக்கு இன்னொரு லாபம். ப்ளூ-ரே டிஸ்க் எந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்பதற்கு மண்டலப் பூட்டு போடுவதுண்டு: இந்தியா சி மண்டலம், அமெரிக்கா ஏ, பிரிட்டன் பி. 4கே டிஸ்க்குக்கு மண்டலப் பூட்டே கிடையாது.

பிளேயர்தான் கவலை. ஓப்போ 2018இலும் சாம்சங் 2019இலும் பிளேயர் தயாரிப்பிலிருந்து ஒதுங்கிவிட்டன. டிஸ்க் டிரைவ் உள்ள பிஎஸ்5 கேம் கன்சோல் இருந்தால் அதிலேயே பார்க்கலாம், டால்பி விஷன் (எச்டிஆரில் ஒரு வகை) மட்டும் வராது. எந்த 4கே பிளேயரிலும் பழைய ப்ளூ-ரே ஓடும் என்பதால் அலமாரியைக் காலி செய்ய அவசியமில்லை.

அப்புறம், 4கே என்றாலே நல்ல பதிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். 2024இல் டிஸ்க்கில் வந்த 'ஏலியன்ஸ்', 'ட்ரூ லைஸ்' இரண்டிலும் ஃபிலிம் கிரெயினை (ஃபிலிமுக்கே உரிய பொடிமணிகளை) மென்பொருளால் வழித்து முகங்களை மெழுகு பூசினாற்போல் ஆக்கிவிட்டார்கள் என்று ரசிகர்கள் கொதித்தார்கள். வாங்குமுன் பழைய பதிப்பையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட படங்களைத் தேடிப் பார்த்துவிடுங்கள்.