எந்த அசோக மரம்?

எங்கள் வீட்டு வாசலில் எட்டு வருடம் நின்ற இரண்டு மரங்களையும் நான் அசோக மரம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். 2016-ல் திண்டிவனத்தில் வீடு கட்டிக் குடிபோன கையோடு, நெடுஞ்சாலையோர நர்சரி ஒன்றில் கன்று 150 ரூபாய் என்று வாங்கியவை. வாங்கச் சொன்னது அம்மா. அசோகப்பட்டைக் கஷாயத்தில் அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. "வீட்லயே ஒரு மரம் இருந்தா நாட்டு மருந்துக்கடைல போய் நிக்க வேணாம்ல" என்றார். சரி என்று ஒன்றுக்கு இரண்டாகவே வைத்தேன்.

இரண்டும் விளக்குக் கம்பம் மாதிரி நெட்டுக்கு வளர்ந்தன. பூ பூத்ததா என்றே தெரியாது. இலைக்குள் பச்சையாக ஏதோ நட்சத்திரம் மாதிரி வரும், போகும். ராத்திரியில் வௌவால்கள் வந்து பழம் தின்றுவிட்டுக் கொட்டைகளை ஸ்கூட்டர் மேல் துப்பின. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்து மாவட்டமே மிதந்ததே, அன்றைக்கு ஒன்று சாய்ந்தது. வெட்டி எடுக்க வந்தவர் அரிவாளை வைத்துவிட்டுச் சொன்னார்: "இது நெட்டிலிங்கம்மா. அசோகம்னு யார் சொன்னது?"

விற்றவர் சொன்னார். நான் நம்பினேன். அம்மா எட்டு வருடம் அந்த மரத்துக்கு மஞ்சள் குங்குமம் வைத்தார்.

இவ்வளவும் ஏன் சொல்கிறேன் என்றால், நான் எழுத வந்தது போன ஆவணியில் போன இன்னொரு நர்சரியைப் பற்றி. புதுச்சேரிக்கு வடக்கே, செம்மண் மேட்டில், முந்திரித் தோப்புகளுக்கு நடுவில் இருக்கிறது. பெயரும் வழியும் எழுதக் கூடாது என்று அதை நடத்தும் அண்ணன் கேட்டுக்கொண்டார். அவரும் அவர் மனைவியும் மட்டுமே பார்த்துக்கொள்கிற இடம், கூட்டம் வந்தால் சமாளிக்க முடியாதாம். ஆக, கடையின் பெயர் இல்லாத விமர்சனம் இது. படித்துவிட்டு எனக்குப் போன் போடாதீர்கள்.

நர்சரி என்றதும் வண்ண வண்ண போகன்வில்லாவும் சிமெண்ட் தொட்டிகளும் நினைவுக்கு வந்தால் ஏமாந்துபோவீர்கள். பச்சை நிழல்வலை, அதன் கீழே முழங்கால் உயரத்தில் கறுப்புப் பைகள், எல்லாமே ஒரே பச்சை. நான் போன அன்று வாசலில் ஒரு நாய், ஒரு கயிற்றுக் கட்டில், குளிர்பானக் கேன்கள் நிரம்பிய ஒரு சாக்கு. அந்தச் சாக்கு எதற்கு என்பது பிறகுதான் புரிந்தது.

"அசோக மரம் இருக்காண்ணா?" என்றேன்.

"எந்த அசோகம்?" என்றார்.

அந்த ஒரு கேள்விக்காகவே இவருக்குப் பாதி மதிப்பெண் கொடுத்துவிட்டேன். நடந்ததைச் சொன்னதும் சிரிக்கவில்லை. இரண்டு செடியின் இலைகளைப் பறித்து என் உள்ளங்கையில் வைத்தார். நெட்டிலிங்கத்தின் இலை தனி இலை, ஓரம் அலை அலையாக நெளியும். சீத்தாப்பழக் குடும்பம் அது. நிஜ அசோகம் புளி, சரக்கொன்றை வகையறா. ஒரே காம்பில் பல சிற்றிலைகள் ஜோடி ஜோடியாக இருக்கும், பூ ஆரஞ்சாகத் திறந்து சிவப்பாகும், அதுவும் முதிர்ந்த கிளையிலேயே கொத்துக் கொத்தாக. இரண்டுக்கும் கொழுந்து மட்டும் செம்பு நிறத்தில் தொங்கும். ஆள் ஏமாறுவது அந்த இடத்தில்தான் என்றார்.

இதில் வாசல் அலங்காரத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அசோகப்பட்டையில் நெட்டிலிங்கப்பட்டையைக் கலந்து விற்பது பழைய கதை, மருந்துச் சரக்குகளைச் சோதிப்பவர்கள் பலமுறை எழுதிவிட்டார்கள். இன்னொரு பக்கம், நிஜ மரத்தைக் காட்டில் பட்டை உரித்தே குறைத்துவிட்டோம். உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யூ.சி.என். வெளியிடும் சிவப்புப் பட்டியலில் அது ஆபத்துக்குள்ளாகும் நிலையில் இருக்கிறது. பெயரைக் கடன் வாங்கிய மரம் தெருவுக்குத் தெரு நிற்கிறது, பெயருக்குச் சொந்தக்கார மரத்தைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. எல்லோரும் "அசோகமா, அதான் எல்லா ஸ்கூல்லயும் இருக்கே" என்று நினைத்துக்கொண்டிருந்தால் அது குறைவது யாருக்குத் தெரியும்?

வாங்கலாம் என்று பர்ஸை எடுத்தால், விற்க மாட்டேன் என்கிறார். "இது ஓடைக்கரை மரம்மா. உங்க ஊர் வெயில்ல மொட்டை வாசல்ல வெச்சா தீஞ்சிடும். நிழல் இருக்கா? தினம் தண்ணி போற இடம் இருக்கா?" பின்பக்கம் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், மாமர நிழலில் இடம் இருக்கிறது என்று கிட்டத்தட்ட சத்தியம் செய்த பிறகுதான் ஒரே ஒரு கன்று கிடைத்தது. 80 ரூபாய். கூடவே லேபிளுக்கு 3 ரூபாய்.

லேபிள்தான் இந்தக் கடையின் சிறப்பு. கேனை வெட்டி, விரல் நீளத் தகடாக்கி, ஆணியால் எழுத்துக் குத்தி, கம்பியில் கட்டித் தருகிறார். மழையில் மை கரையாது, வெயிலில் வெளுக்காது. என் தகட்டில் நாலு வரி இருக்கிறது: அசோகம், அதன் தாவரவியல் பெயர் சராகா அசோகா, விதை எடுத்த இடமும் தாய் மரத்தின் எண்ணும், விதைத்த மாதம். பெரிய தாவரவியல் பூங்காக்களில் ஒவ்வொரு செடிக்கும் பதிவெண் போட்டு எங்கிருந்து வந்தது என்று குறித்து வைப்பார்களாம். இவர் ஒரு தாவரச் சேகரிப்பில் பல வருடம் உதவியாளராக இருந்தவர். செடியைச் செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து அழுத்திக் காயவைத்து, அட்டையில் தைத்து, இடமும் தேதியும் எழுதும் வேலை. "தேதியும் இடமும் இல்லாத செடி வெறும் வைக்கோல்மா" என்றார். அந்தப் பழக்கம் விடவில்லை.

பெயரின் கதையையும் அவரேதான் சொன்னார். தாவரவியலாளர் வில்லியம் ராக்ஸ்பரோ இந்த மரத்துக்கு வைத்த பெயர் ஜோனீசியா அசோகா. கல்கத்தாவில் இறந்துபோன மொழியறிஞர் வில்லியம் ஜோன்ஸின் நினைவாக வைத்தது. ஆனால் லின்னேயஸ் 1767-லேயே சராகா என்ற பேரினத்தைப் பெயரிட்டிருந்தார். முந்தி வைத்த பெயருக்கே முதலிடம் என்பது விதி, ஜோன்ஸ் போய்விட்டார். அசோகா மட்டும் நின்றது. அதிலும் ஒரு சிக்கல்: நம்மூர்ப் பழைய புத்தகங்களில் இதைச் சராகா இண்டிகா என்று போட்டிருப்பார்கள். அந்தப் பெயர் ஜாவா பக்கத்து மரத்துக்கு உரியது. பெயரில் இண்டிகா இருக்கிறது, மரம் இங்கே இல்லை. கேட்டதும் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. படித்தவர்களுமே அசோகத்தில் தடுமாறியிருக்கிறார்கள்.

நான் இருக்கும்போதே பைக்கில் இரண்டு பையன்கள் வந்து கருங்காலிக் கன்று கேட்டார்கள். கழுத்தில் கறுப்பு மணிமாலை. அதே கேள்வி: "எந்தக் கருங்காலி?" இரண்டு பைகளைக் காட்டினார். ஒன்றில் முள், வேலமரம் மாதிரி பொடி இலை. சித்த மருந்தில் கருங்காலி என்றால் இதுதான். இன்னொன்றில் முள்ளே இல்லை, வழுவழுப்பான அகல இலை, டயோஸ்பைரோஸ் எபெனம். கறுப்பு மரச்சாமான் செய்த எபனி இது. உறவும் இல்லை, சாயலும் இல்லை, தமிழில் பெயர் மட்டும் ஒன்று. மாலைக்கு எது என்று பையன்கள் கேட்டார்கள். "எதுவானாலும் வைரம் பாஞ்சு கறுக்கறதுக்குள்ள உங்க பேரனுக்குக் கல்யாணம் ஆயிடும்" என்றார். அவர்கள் ஒன்றும் வாங்கவில்லை. வியாபாரம் தெரியாத மனிதர் என்று இதைக் குறையாகவும் எழுதலாம்.

பாலை கேட்டிருந்தால் இன்னும் கஷ்டம். வெட்பாலை, ஏழிலைப்பாலை, உலக்கைப்பாலை என்று மூன்று வைத்திருக்கிறார். பால் வடிந்தால் பாலை என்று பெயர் வைத்துவிட்டோம். இதில் உலக்கைப்பாலைதான் கோடியக்கரையில் காடாக நிற்பது. யாழ்ப்பாணத்துக்காரர்கள் பாலைப்பழம் என்று ஆசையாகச் சாப்பிடுவதும் அதன் பழத்தைத்தான்.

உண்மையில் அந்த நர்சரி அசோகத்துக்காக நடத்தப்படுவது இல்லை. அவர் மனசு முழுக்க இந்தக் கடற்கரைக் காட்டில்தான் இருக்கிறது. வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று நீளமான பெயர் வைத்திருக்கிறார்கள்; சாம்பியன், சேத் என்ற இருவர் 1968-ல் இந்தியக் காடுகளை வகை பிரித்ததில் இது ஏழாம் வகை. வருடத்தில் பாதி நாள் மழை எட்டிப் பார்க்காது, ஐப்பசி கார்த்திகையில் கொட்டுவதுதான் முக்கிய வரவு, ஆனாலும் இலை உதிர்க்காது. சின்ன, தடித்த, தோல் மாதிரி இலைகள். இன்று மிச்சம் இருப்பது பெரும்பாலும் அய்யனார் கோயில்களைச் சுற்றித்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் புத்துப்பட்டுக் கோயிலுக்குப் போயிருக்கிறீர்களா? நான் பத்துத் தடவை போயிருக்கிறேன், பொங்கல் வைத்திருக்கிறேன், சுற்றி இருப்பது வெறும் புதர் என்றே நினைத்திருக்கிறேன். வீரை, காயா, வெண்ணாங்கு, இரும்பிலி, காட்டு எலுமிச்சை எல்லாம் அந்தப் 'புதருக்குள்' இருப்பவை.

காயா என்றதும் நின்றுவிட்டேன். காயாம்பூ வண்ணன் என்று அம்மா தினம் காலையில் பாடுகிறாரே, அந்தக் காயாவா? அதேதான். தண்டை ஒட்டி நீலப் பொடிப் பூக்கள் மொய்க்குமாம். நாற்பத்தாறு வயது வரை அந்த நிறம் எனக்கு வெறும் சொல். 60 ரூபாய் கொடுத்து இரண்டு காயா எடுத்துக்கொண்டேன். ஒன்றின் விலை 30.

விதை விஷயத்தில் அவர் கறார். ஒரே மரத்திலிருந்து மொத்தமாக எடுக்க மாட்டார்; ஒரே மரத்து விதை என்றால் எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள், நோய் வந்தால் மொத்தமும் படுக்கும் என்பார். அதனால்தான் தாய் மரத்துக்கு எண். கீழே விழுந்ததில் கொஞ்சம்தான், மிச்சம் பறவைக்கும் கோயிலுக்கும். இன்னொன்று, இந்த வெப்பமண்டல மரங்களில் பலவற்றின் விதையை நெல் மாதிரி காயவைத்துச் சேமிக்க முடியாது, காய்ந்தால் செத்துவிடும். அசோக விதையும் அப்படித்தான். பழுத்ததும் போட்டால்தான் முளைக்கும். விதை வங்கியில் பூட்டி வைக்க முடியாத மரத்தை மரமாகத்தான் காப்பாற்ற வேண்டும் என்றார்.

குறைகள் எழுதாவிட்டால் இது விமர்சனம் ஆகாது. பாதை மோசம், கடைசி ஒன்றரை கிலோமீட்டர் மணலில் ஸ்கூட்டரைத் தள்ளினேன். சிக்னல் கிடையாது, ஜிபே ஓடாது, சில்லறை எடுத்துப் போங்கள். போன் எடுக்க மாட்டார். முதல் தடவை போனபோது பூட்டு. விதை பொறுக்கப் போயிருந்தாராம். கன்றுகள் பார்க்க நோஞ்சானாக இருக்கும். ஒரு பைக்கு அடியில் வேர் சுருண்டு பந்தாக இருந்ததை நானே கண்டுபிடித்து மாற்றச் சொன்னேன், முகம் சுளிக்காமல் மாற்றினார். நிழல்வலைக்குள் முசுறு எறும்பு உண்டு, புடவையில் போகாதீர்கள்.

இன்னொரு குறை, தகட்டில் உள்ள தாவரவியல் பெயரும் மாறலாம். மாறினால் புதுத் தகடு இலவசம் என்கிறார். கேலி என்று நினைத்தேன், இல்லை. வேலமரங்கள் எல்லாம் முன்பு அகேசியா. எந்த மரங்களுக்கு அந்தப் பெயர் என்று 2005-ல் வியன்னாவில் கூடிய தாவரவியலாளர்கள் வாக்கெடுத்து, 2011-ல் மெல்போர்னில் உறுதிசெய்து, பெயரை ஆஸ்திரேலிய மரங்களுக்கே விட்டுவிட்டார்கள். நம் கருவேலம் இப்போது வச்செலியா, முள் கருங்காலி செனகாலியா. நெட்டிலிங்கமும் பாலியால்தியாவாக இருந்து 2012-ல் மோனூன் ஆகிவிட்டது. சீமைக்கருவேலத்தின் புரோசோபிஸ் என்ற பெயரையும் 2022-ல் பிடுங்கி நெல்டுமா என்று வைத்தார்கள். வன்னி மட்டும் புரோசோபிஸாகவே இருக்கிறது. இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தைப் பார்த்தால், வன்னி ஏதோ சொத்து வழக்கில் ஜெயித்த மாதிரி இருந்தது.

இப்போதைய நிலவரம்: இரண்டு காயாவும் பிழைத்துக்கொண்டன, ஆனால் ஆறு மாதத்தில் அரை அடிகூட ஏறவில்லை. அவசரக்காரர்கள் வாங்க வேண்டாம். அசோகம் துவைக்கும் கல் பக்கத்தில் நிற்கிறது. மாசியில் ஒரு நாள் செம்பு நிறத்தில் கொழுந்து விட்டு, வாடித் தொங்குகிற மாதிரி நின்றது. பதறிப்போய் இன்னும் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினேன், அது அப்படித்தான் தொங்குமாம். அம்மா பட்டையை எப்போது எடுக்கலாம் என்று கேட்கிறார். நான் பதில் சொல்லாமல் இருக்கிறேன்.

ஐந்துக்கு நாலு. பாதைக்கும் போனுக்கும் சேர்த்து ஒன்று குறைத்திருக்கிறேன்.

அடுத்த முறை போனபோது, புயலில் விழாமல் நிற்கிற அந்த இன்னொரு மரத்துக்கும் ஒரு தகடு கேட்டேன். கேனை எடுத்து, ஆணியால் நெட்டிலிங்கம் என்று குத்தினார். அடுத்த வரியில் மோனூன் லாஞ்சிஃபோலியம். மூன்றாவது வரிக்கு வந்து நிமிர்ந்து, "விதை எங்கேருந்து?" என்றார். தெரியாதே அண்ணா என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ரோட்டோரம்" என்று குத்தி, 3 ரூபாய் வாங்கிக்கொண்டார்.