இணைய நேர சர்வர்கள்: பத்து மாதம் பயன்படுத்திப் பார்த்த பிறகு

சென்னையில் படிக்கும் மகளுக்கு ஏற்காடு எக்ஸ்பிரஸில் தட்கல் போட உட்கார்ந்ததில் இருந்துதான் இந்தக் கதை தொடங்கியது. ஸ்லீப்பர் தட்கல் காலை 11 மணிக்குத் திறக்கும். எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் 10:59, நான் மவுஸைப் பிடித்தபடி காத்திருக்கிறேன், மகள் போனில் கூப்பிட்டு, "அப்பா, பதினொண்ணு தாண்டிருச்சுங்க, வெயிட்டிங் லிஸ்ட் காட்டுது" என்றாள். கடிகாரம் ஒன்றரை நிமிடம் பின்தங்கிக் கிடந்திருக்கிறது.

கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்து கொடுத்தவர், நேரத்தைத் தானாக எடுக்கும் வசதியை அணைத்தே கொடுத்திருந்தார். நாங்களும் கவனிக்கவில்லை. உள்ளே நேரம் காப்பது விநாடிக்கு 32,768 முறை அதிரும் சின்ன குவார்ட்ஸ் படிகம், கைக்கடிகாரத்தில் இருக்கிற அதே ரகம். அது பத்து லட்சத்தில் இருபது பங்கு பிசகினாலே நாளுக்கு 1.7 விநாடி போகும், இரண்டு மாதம் கண்டுகொள்ளாமல் விட்டால் ஒன்றரை நிமிடம் தாண்டிவிடும்.

சரி, மருந்து என்னவென்றால் இணைய நேர சர்வர், அதாவது கேட்டால் இணையம் வழியாகச் சரியான நேரம் சொல்லும் கம்ப்யூட்டர். காசு கிடையாது. இதற்கான என்டிபி என்கிற முறையை டேவிட் மில்ஸ் என்ற அமெரிக்கர் 1985இல் வெளியிட்டார், 2024 ஜனவரியில் காலமானார், அவர் செய்த வேலைதான் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கள் அப்பாரு ரேடியோ செய்திக்கு முன்னால் வரும் 'பீப்' ஓசைக்காகக் காத்திருந்து, எச்எம்டி வாட்ச்சின் குமிழை அந்த நொடியில் அழுத்துவார். அது ஒருவழிப் பேச்சு. இது அப்படி இல்லை: நம் கம்ப்யூட்டர் கேள்வி அனுப்பிய நேரம், சர்வருக்கு அது போய்ச் சேர்ந்த நேரம், பதில் கிளம்பிய நேரம், நமக்கு வந்த நேரம் என்று நான்கையும் வைத்து, வழியில் ஆன தாமதத்தைக் கணக்குப் போட்டுக் கழித்துவிடுகிறது. சென்னிமலையில் சாதாரண பிராட்பேண்டில் உட்கார்ந்துகொண்டு டைம்.இஸ் தளத்தில் சரிபார்த்தேன், வித்தியாசம் 0.02 விநாடி என்று வந்தது. உண்மையிலேயே மனசு நிறைந்துபோனது.

எந்த சர்வர் என்று கேட்டால், நான் மாற்றி மாற்றி இரண்டு வைத்துப் பார்த்தேன். ஒன்று டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தினுடையது, டைம்.என்பிஎல்இந்தியா.ஆர்க். இந்திய நேரத்தை அணுக்கடிகாரங்கள் வைத்துக் காப்பதே அவர்கள்தான், அதனால் ஊற்றுக்கண்ணிலேயே தண்ணீர் மொண்ட மாதிரி. இன்னொன்று இன்.பூல்.என்டிபி.ஆர்க். 2003இல் தொடங்கியது, தன்னார்வலர்கள் தங்கள் சொந்த சர்வர்களைச் சேர்த்து நடத்துவது. என் ஓட்டு பூலுக்குத்தான். விண்டோஸ் பெட்டியில் ஒரே ஒரு முகவரி கொடுப்பதுதான் வழக்கம், பூலின் அந்த ஒரு பெயருக்குப் பின்னால் பல சர்வர்கள் இருப்பதால் ஒன்று படுத்துவிட்டாலும் அடுத்த முறை வேறொன்று பதில் சொல்லும். ஆனால் சும்மா சும்மா நேரம் கேட்டுக்கொண்டு இருக்காதீர்கள், யாரோ தம் கைக்காசில் நடத்துகிற சர்வர் அது.

மாற்றுவது சுலபம். கன்ட்ரோல் பேனலில் தேதி நேரப் பகுதிக்குள் 'இன்டர்நெட் டைம்' என்று ஒரு தாவல் இருக்கும், அங்கே பெயரை அடித்து 'அப்டேட் நவ்' அழுத்தினால் போதும்.

அப்புறம் தறிக் கொட்டகையில் இருக்கும் பழைய கம்ப்யூட்டர். அங்கே என்னை ரொம்ப அலைய விட்டது. தினமும் ராத்திரி மெயினை அணைத்துவிட்டுத்தான் வருவோம், காலையில் போட்டால் 2012 ஜனவரி 1 என்று நிற்கும், பிரவுசரில் ஒரு தளமும் திறக்காது, ஏனென்றால் தேதி தப்பானால் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாததாகத் தெரியும். நூல் பில் போட முடியவில்லை. பார்க்க வந்தவர், "மதர்போர்டு போச்சுங்க, புதுசு மாத்தீரலாங்க" என்றார். மனசு ஒப்பவில்லை, மூடியைக் கழற்றிப் பார்த்தேன். தூசிக்கு அடியில் எட்டணா அளவில் ஒரு பேட்டரி, சிஆர்2032, மூன்று வோல்ட். மெயின் அணைந்திருக்கும்போது உள் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான், அது தீர்ந்துபோயிருந்தது. பக்கத்தில் உள்ள சின்னக் கொக்கியை நகத்தால் தள்ளினால் தானே எழும்பி வரும். கூட்டல் குறி மேலே இருக்கும்படி புதுசை வைத்து அழுத்தினேன், அவ்வளவுதான்.

ஆனால் அதற்குப் பிறகும் சர்வரில் இருந்து நேரம் எடுக்கவில்லை! வித்தியாசம் 15 மணி நேரத்துக்கு மேல் போனால், விண்டோஸின் வழக்கமான அமைப்பு சர்வர் சொல்வதை ஏற்காது. முதலில் தேதியைக் கையால் சரிசெய்துவிட்டு அப்புறம் அழுத்த வேண்டும். இது தெரியாமல் அரை நாள் போனது, உங்களுக்குப் போக வேண்டாம்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் மகள் விண்டோஸோடு உபுண்டு என்ற இன்னொரு இயங்குதளமும் போட்டு வைத்திருக்கிறாள். அவள் லீவுக்கு வந்து அதைத் திறந்துவிட்டுப் போனால், மறுபடி விண்டோஸில் காலை 10 மணி என்பது 4:30 ஆகிவிடும். சர்வர் மேல் தப்பில்லை. உபுண்டு உள் கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் எழுதுகிறது, விண்டோஸ் அதை இந்திய நேரம் என்று படிக்கிறது, அதனால்தான் சரியாக ஐந்தரை மணி நேரம் குறைகிறது. உள் கடிகாரத்தையும் உள்ளூர் நேரத்திலேயே வைக்கச் சொல்லி உபுண்டுவில் அவள் ஒரு கட்டளை கொடுத்தாள். பொங்கல் லீவுக்கு வந்து போனாள், நேரம் மாறவில்லை.