மூக்குத் தண்டுக்கு எது: காதா, விலாவா, சிலிகானா?

இரண்டு ஆண்டுகளுக்கு முன் கிருமாம்பாக்கம் அருகே என் அண்ணன் மகள் ஸ்கூட்டரிலிருந்து விழுந்தாள். வீக்கமும் மூக்கடைப்பும்தானே என்று ஐஸ் ஒத்தடத்தோடு நிறுத்திக்கொண்டோம். உள்ளே இரண்டு துளைகளையும் பிரிக்கும் குருத்தெலும்பு நடுச்சுவரில் ரத்தம் கட்டியிருந்தது. குருத்தெலும்புக்கென்று ரத்தக்குழாய் கிடையாது. மேலே போர்த்திய சவ்வுதான் அதற்குச் சோறு போடுகிறது. இரண்டுக்கும் நடுவில் ரத்தம் தேங்கினால் சில நாள்களிலேயே அது கரையத் தொடங்கிவிடும். அவள் மூக்குத் தண்டு சேணம்போல் பள்ளமானது அப்படித்தான். அடிபட்டபின் மூக்கு அடைத்துக்கொண்டால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

பள்ளத்தை எதை வைத்து நிரப்புவது என்று கேட்கத்தான் கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போனோம்.

நிரப்பக் குருத்தெலும்பு வேண்டுமென்றால் வழக்கமாக முதலில் கைவைப்பது நடுச்சுவரில். நேரான, தட்டையான துண்டு கிடைக்கும். வேறெங்கும் கத்தி படாது. மேலேயும் முன்னேயும் குறைந்தது ஒரு சென்டிமீட்டர் அகலத்தைக் கவிழ்த்த ‘ட’ போல விட்டுவிட்டு மிச்சத்தை எடுக்கலாம். இவளுக்கோ அந்தக் கிணறே வற்றிவிட்டது.

அடுத்தது காது. “உங்கள் காதை மடக்கிவிட்டுப் பாருங்கள் அம்மா” என்றார் மருத்துவர். மடக்கினாள், துள்ளித் திரும்பியது. “இந்த வளைவு நுனிக்கும் மூக்கு மடலுக்கும் நல்லது. தண்டைத் தாங்கும் உறுதி இதற்கு இல்லை.” காதின் பின்பக்கமாக எடுப்பதால் தழும்பு தெரியாது. ஆனால் கிடைக்கும் அளவு குறைவு.

அண்ணனுக்குப் பிடித்தது சிலிகான். அளவாகச் சீவிய துண்டு, உடம்பில் இன்னொரு காயம் இல்லை, அறுவையும் சீக்கிரம் முடியும். கிழக்காசிய நாடுகளில் பரவலாக வைக்கிறார்கள். அங்கேயும் நுனிக்குக் காதுக் குருத்தெலும்பைச் சேர்ப்பவர்கள் உண்டு. எனக்கு மனம் ஒப்பவில்லை. உடல் சிலிகானைச் சுற்றி உறை கட்டி ஒதுக்கிவைக்குமே தவிரத் தன்னோடு சேர்த்துக்கொள்ளாது. தோல் மெல்லியதாக இருந்தால் பல ஆண்டு கழித்தும் அது வெளியே துருத்தலாம். சீழ் பிடித்தால் பெரும்பாலும் எடுத்தே ஆகவேண்டும். இருபத்துமூன்று வயதுப் பெண் இன்னும் ஐம்பது ஆண்டு சுமக்க வேண்டிய மூக்கு இது. நுண்துளை பாலிஎத்திலீன் என்று இன்னொன்று உண்டு. துளைகளுக்குள் சதை வளர்ந்து பிடித்துக்கொள்ளும். அதனாலேயே பின்னால் எடுக்க நேர்ந்தால் பெரும்பாடு.

மிஞ்சியது விலா. மார்புக்குக் கீழ் மடிப்பில் சிறு வெட்டு. ஆறாவது அல்லது ஏழாவது விலாவின் குருத்தெலும்பு. தாராளமாகக் கிடைக்கும், உறுதியானது, சொந்த உடம்பின் பொருள். அடியிலேயே நுரையீரல் உறை இருப்பதுதான் பயம். துண்டை எடுத்ததும் குழியில் உப்புநீர் ஊற்றி, மயக்க மருத்துவர் நுரையீரலை ஊதச்செய்வாராம். குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள். பஞ்சர் கடைத் தொட்டியில் டியூபை அமுக்கிப் பார்க்கும் அதே வித்தை!

இதன் இன்னொரு குறை, நெளிவது. பச்சை மரத்தில் செய்த கதவுபோலச் செதுக்கிய துண்டு கோணிக்கொள்ளும். நடுப்பகுதியைச் சமச்சீராகச் செதுக்கினால் நெளிவு குறையும் என்று கிப்சன், டேவிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1958-இலேயே எழுதிவிட்டார்கள். செதுக்கியதைச் சிறிது நேரம் உப்புநீரில் போட்டு, எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்த்தபின் வைப்பவர்களும் உண்டு. பொடியாக நறுக்கித் தசையுறையில் சுருட்டி வைத்தால் நெளியும் கவலையே இல்லை, ஆனால் தாங்கும் வலு போய்விடும். வயதானவர்களுக்கு விலாக் குருத்தெலும்பு சுண்ணாம்பேறிக் கடினமாகியிருக்கும். இவள் வயதில் அந்தத் தொல்லை இல்லை.

அரை மணியில் ஊசியால் மூக்கை நிமிர்த்தும் விளம்பரங்களையும் அண்ணன் காட்டினார். அந்த ஜெல் காலப்போக்கில் கரைந்துவிடும். தவறி ரத்தக்குழாய்க்குள் போனால் தோல் அழுகலாம், கண் பார்வையே போகலாம். அந்தப் பேச்சை அங்கேயே முடித்தோம்.

விலா என்றே முடிவாயிற்று, பொங்கல் கழித்து. அவள் கேட்டது ஒரே கேள்விதான்: “மூக்குத்தி எப்போது போட்டுக்கொள்ளலாம் டாக்டர்?” முதலில் கழற்றிவிட்டு வரச் சொன்னார். திரும்பும் பஸ் கிருமாம்பாக்கத்தைத் தாண்டியபோது அவள் காதை மடக்கி மடக்கி விட்டுக்கொண்டிருந்தாள்.